காற்று மெத்தையும் காக்கும் கையும்

பழந்தமிழ் நூல்களுக்கு உரை கண்ட பெரியோர் 'பஞ்சசயனம்' என்னும் ஐவகைப் படுக்கையைப் பற்றிக் கூறுவர். இலவம்பஞ்சு, அன்னத்தின் தூவி முதலிய மெல்லிய பொருள்களால் இயன்ற அப்படுக்கை அரசர்க்கும் செல்வர்க்கும் உரியது. வயலிலே உழைத்துக் களைத்த கமக்காரனுக்கு அது வேண்டியதில்லை. திண்ணையில் பனையோலைப் பாயை விரித்துக் கையைத் தலையணையாக வைத்துச் சாய்ந்தால் அவனுக்கு நித்திரை தானே வரும். ஆனால், அதே கமக்காரன் ஒருநாள் பனையிலிருந்து தவறி விழுந்து, முள்ளந்தண்டு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் இன்றிக் கிடக்க நேர்ந்தால் அரசர்க்குரிய பஞ்சசயனமும் அவனுக்குப் போதாது. கிடப்பவனுடைய பாரத்தையும் கிடக்கும் நிலையையும் உணர்ந்து, அவற்றுக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் படுக்கை ஒன்று அவனுக்கு வேண்டும். அத்தகைய படுக்கை இக்காலத்தில் உண்டு. வைத்தியசாலைகளில் பயன்படும் காற்று மெத்தையே அது.

அம்மெத்தையின் அருமையை அறிவதற்கு முன், உறக்கத்தைப் பற்றிய உண்மை ஒன்றை அறிதல் வேண்டும். நல்ல உடல்நிலையுடைய மனிதன் இரவு முழுவதும் ஒரே நிலையில் உறங்குவதில்லை. பலமுறை புரளுகிறான், காலை மடக்குகிறான், நீட்டுகிறான். விடிந்த பின் இவற்றில் ஒன்றேனும் அவன் நினைவில் இருப்பதில்லை. ஓரிடத்திற் பாரம் நெடுநேரம் தங்கினால் அவ்விடத்துத் தோல் நோகின்றது; அந்நோவை நரம்புகள் மூளைக்கு அறிவிக்கின்றன; மூளை உடலைப் புரட்டிவிடுகின்றது. உறங்குபவனை அறியாமலே அவனைக் காக்கும் காவல் இது. முள்ளந்தண்டு வடம் அறுபட்டவனுக்கு இக்காவல் இல்லை. நோவும் தெரியாது, புரளவும் இயலாது.

அதனால் விளையும் தீங்கு யாது? எலும்பு புடைத்திருக்கும் இடங்களில், அதாவது முதுகின் அடி, இடுப்பின் இரு புறம், குதிக்கால், முழங்கை, பிடரி ஆகியவற்றில், தோலும் தசையும் எலும்புக்கும் படுக்கைக்கும் இடையே நசுங்குகின்றன. அங்குள்ள குருதிக் குழாய்களோ மயிரிழையினும் நுண்ணியவை. 1930ஆம் ஆண்டில் லாண்டிஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் விரல் நகத்தின் ஓரத்துத் தோலில் அத்தகைய குழாய்களின் அமுக்கத்தை அளந்து, குருதி உட்புகும் முனையில் அது சராசரியாக இரசத்தின் 32 மில்லிமீற்றர் அளவே என்று கண்டார். இவ்வளவு எல்லா உடலுக்கும் எல்லா இடத்துக்கும் ஒன்றாகப் பொருந்துவதன்று. எனினும், எத்துணைச் சிறிய அமுக்கம் குருதியோட்டத்தைத் தடுக்க வல்லது என்பதை அது காட்டுகின்றது. குருதி செல்லாத தசை சில மணி நேரத்திற் சாகத் தொடங்கும். முதலிற் சிறு சிவப்பு, பின்னர்க் கொப்புளம், பின்னர்க் குழி. எலும்பு வரை செல்லும் அக்குழியின் வழியே கிருமிகள் குருதியிற் கலந்து உயிரையும் கொண்டுபோகக் கூடும். இதுவே படுக்கைப்புண்.

இப்புண் விதியின் செயலன்று என்பதை மருத்துவ உலகம் ஏற்றுக்கொள்ள நெடுங்காலம் சென்றது. 1832ஆம் ஆண்டில் இலண்டனில் நீல் ஆர்னொட் என்னும் மருத்துவர் தொட்டியிலே நீரை நிரப்பி, நீர் புகாத துணியால் மூடி, அதன்மேல் நோயாளியைக் கிடத்தினார். நீர் உடலை எங்கும் சமமாகத் தாங்கியது. எவரும் அதனைச் செய்து பயன்பெறட்டும் என்று எண்ணி, அவர் அதற்குத் தனியுரிமை பெறாது விட்டார். 1859இல் வெளிவந்த தமது நூலிலே புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார், படுக்கைப்புண் பெரும்பாலும் நோயின் குற்றமன்று, பராமரிப்பின் குற்றமே என்னும் கருத்தை உறுதியாகக் கூறினார். ஆயினும், பாரிஸ் நகரத்துப் பேரறிஞர் சார்க்கோ நரம்பின் சிதைவே புண்ணுக்குக் காரணம் எனக் கருதினார். தடுக்க முடியாதது என்ற எண்ணம் பரவவே, முள்ளந்தண்டு முறிந்தோர் பலர் முயற்சியின்றிக் கைவிடப்பட்டனர்.

அந்த எண்ணத்தை மாற்றியவர் லுட்விக் குட்மன். ஹிட்லரின் ஆட்சிக்குத் தப்பி இங்கிலாந்துக்கு வந்த யூத மருத்துவர் அவர். போரிலே முள்ளந்தண்டு முறிந்த வீரர்களுக்காக 1944ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஸ்டோக் மண்டவில் வைத்தியசாலையில் தொடங்கிய பிரிவை அவர் பொறுப்பேற்றார். அவர் கையாண்ட முறைகளுள் முதன்மையானது மிக எளியது. இரவும் பகலும், இரண்டு மணிக்கொருமுறை, தவறாமல் நோயாளரைப் புரட்டிக் கிடத்தச் செய்தார். புண்கள் ஆறின, சாவார் எனப்பட்டவர் பிழைத்தனர். 1948ஆம் ஆண்டு அவ்வைத்தியசாலையின் புற்றரையில் சக்கர நாற்காலியிலிருந்தபடி 16 பேர் வில்வித்தைப் போட்டியில் இறங்கினர். இன்றைய பராலிம்பிக் விளையாட்டுக்கு வித்து அதுவே.

கையினாற் செய்யும் அவ்வேலையைப் பொறியின் உதவியாற் செய்ய இயலுமா என்ற வினாவுக்கு விடையாக வந்ததே காற்று மெத்தை. மாறிமாறி அமுக்கம் தரும் காற்று மெத்தையைப் பற்றி அமெரிக்க மருத்துவர் கார்ட்னர் 1948ஆம் ஆண்டிலேயே எழுதினார். அதன் அமைப்பு எளிதில் விளங்கக் கூடியது. மெத்தையின் குறுக்கே காற்றுக் குழல்கள் வரிசையாக உள்ளன. சிறு மின்பம்பி ஒன்று ஒன்றுவிட்டொன்றாய் உள்ள குழல்களை ஊதச் செய்து, மற்றவற்றைத் தளர விடுகின்றது. சில நிமிடங்கள் சென்றபின் ஊதியவை தளர்கின்றன, தளர்ந்தவை ஊதுகின்றன. இவ்வாறு உடலின் ஒவ்வோரிடமும் முறைவைத்து ஓய்வு பெறுகின்றது. சில நாட்டார் வாய்க்கால் நீரை முறை வைத்து வயல்களுக்குப் பாய்ச்சுவது போல, இம்மெத்தை குருதிக்கு முறை வைத்து வழிவிடுகின்றது எனலாம்.

பிற்காலத்து மெத்தைகள் இன்னும் ஒரு படி முன்னேறியவை. கிடப்பவர் மெலிந்தவரா பருத்தவரா, மல்லாந்து கிடக்கிறாரா, ஒருக்களித்துக் கிடக்கிறாரா என்பதை உள்ளிருக்கும் உணரி காற்றின் அமுக்கத்தைக் கொண்டு அறிந்துகொள்கின்றது. உணவூட்டுவதற்காகத் தலைப்பக்கத்தை உயர்த்தினால் உடலின் பாரம் இருப்பிடத்திற் குவியும். அப்போது பம்பி அங்கே காற்றைக் கூட்டி, உடல் கட்டிலின் பலகையில் இடியாமற் காக்கின்றது. மீண்டும் கிடத்தியதும் காற்றைக் குறைக்கின்றது. எவரும் திருகைத் திருப்ப வேண்டுவதில்லை.

இத்தகைய மெத்தையின் தேவை வன்னிப் பெருநிலத்தார்க்கு எடுத்துச் சொல்லித் தெரிய வேண்டியதன்று. 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிவுற்ற போர், கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் எறிகணைச் சிதறலால் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டோர் பலரை விட்டுச் சென்றது. போர் ஓய்ந்தபின்பும் பனையிலிருந்தும் தென்னையிலிருந்தும் விழுவோரும் வீதி விபத்தில் அடிபடுவோரும் அவர்களோடு சேர்ந்துகொண்டே இருக்கின்றனர். கண்டி வீதியும் முல்லைத்தீவு வீதியும் சந்திக்கும் மாங்குளத்தில், இவ்வாறு பாதிக்கப்பட்டோர் தாமே கூடி 'உயிரிழை' என்னும் அமைப்பை நடத்தி வருகின்றனர். அதே ஊரின் ஆதார வைத்தியசாலையில் நெதர்லாந்து நாட்டின் உதவியுடன் அமைந்த புனர்வாழ்வு மருத்துவ வளாகம் 2024ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது.

எனினும், வைத்தியசாலையில் நோயாளி தங்குவது சில வாரம் அல்லது சில மாதம். வீட்டிலோ வாழ்நாள் முழுவதும். அங்கே தாதியர் இல்லை. தாய் இருக்கிறாள், மனைவி இருக்கிறாள். பகலில் கூலி வேலைக்குச் சென்று வந்தவள், இரவில் இரண்டு மணிக்கொருமுறை எழுந்து, தன்னிலும் பாரமான உடலைப் புரட்டுகிறாள். ஓர் இரவு அயர்ந்து உறங்கிவிட்டாலும் அதன் தண்டனை மறுநாள் அவன் முதுகிலே தெரியக்கூடும். அப்புண் ஆறுவதற்கு மாதங்கள் செல்லும். எறிகணைக்குத் தப்பிய உயிர் படுக்கைக்குப் பலியாகும் கொடுமை இது. ஆதலால் காற்று மெத்தையை ஆடம்பரப் பொருளாகக் கருதுதல் தவறு. ஊன்றுகோலும் சக்கர நாற்காலியும் போல அதுவும் இன்றியமையாத கருவியே. நன்கொடை வழங்கும் அன்பர்களும் வெளிநாட்டிலுள்ள உறவினரும் இதனை மனங்கொள்ளுதல் நன்று.

அதே வேளையில், மெத்தை வந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று இருந்துவிடுதலும் தவறாகும். 'சுப்பர்மான்' வேடம் தாங்கி உலகப் புகழ் பெற்ற நடிகர் கிறிஸ்ரோபர் றீவ், குதிரையிலிருந்து விழுந்து கழுத்தெலும்பு முறிந்து, ஒன்பது ஆண்டுகளின் பின் 2004இல் உயிர் நீத்தார். கிருமி தொற்றிய படுக்கைப்புண்ணுக்குச் சிகிச்சை பெற்று வந்த நாள்களிலேயே அவருடைய முடிவு நேர்ந்தது. செல்வத்தால் வாங்கக் கூடிய கருவி எதுவும் முழுக் காவலாகாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

மெத்தையைப் பயன்படுத்துவோர் கருத்தில் வைக்க வேண்டியவை சில. மெத்தைமேல் தடித்த கம்பளத்தையோ றப்பர் விரிப்பையோ அடுக்கினால் அதன் பயன் கெடும். மெல்லிய விரிப்பு ஒன்றே போதும், அதனையும் இறுக்கிக் கட்டலாகாது. நோயாளியின் இருப்பிடத்திற்கு நேரே, காற்றுக் குழல்களின் கீழே கையை நுழைத்துப் பார்த்தல் வேண்டும். உடல் பலகையில் இடிப்பது கைக்குத் தெரிந்தால் காற்றுப் போதாது என்பது பொருள். காற்றும் மழையும் மின்சாரத்தைத் தடுக்கும் நாளில் பம்பி நின்றுவிடும். சில மெத்தைகள் குழாயை மூடினாற் சில மணி நேரம் காற்றைத் தாங்கும், சில தாங்கா. எவ்வகையென்று முன்பே கேட்டறிந்து, மாற்றாக ஒரு தடித்த பஞ்சு மெத்தையை ஆயத்தமாக வைத்திருத்தல் அறிவுடைமை.

காலையும் மாலையும் நோயாளியின் தோலை வெளிச்சத்திற் பார்த்தல் வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தபின்பும் மாறாத சிவப்பு, வரப்போகும் புண்ணின் முன்னறிவிப்பு. கறுத்த மேனியில் சிவப்பு எளிதில் தெரியாது. ஆகையால் தொட்டுப் பார்த்து, சூடும் தடிப்பும் உண்டா என அறிதல் நன்று. சிவந்த இடத்தில் எண்ணெய் தடவி அழுத்தித் தேய்ப்பது எம்மவர் வழக்கம். அது நலிந்த தசையை மேலும் சிதைக்கும், விடுதல் வேண்டும். முட்டை, மீன், பருப்பு முதலிய புரத உணவு தோலுக்கு உரம் தரும். புரட்டுதலோ மெத்தை உள்ள வீட்டிலும் தொடர்தல் வேண்டும். மருத்துவர் இசைந்தால் இடைவெளியைச் சிறிது நீட்டலாம். தாய்க்கோ மனைவிக்கோ இரவில் ஓரிரு மணி நேர உறக்கம் கூடுதலாகக் கிடைக்குமாயின் அதுவே பெரும் பேறன்றோ?

இவை முள்ளந்தண்டு முறிந்தோர்க்கு மட்டும் உரியனவல்ல. பாரிசவாதத்தால் ஒரு பக்கம் விழுந்தவர், முதுமையினால் எழ முடியாதவர், நீரிழிவினாற் காலின் உணர்வை இழந்தவர் ஆகியோர் இல்லாத ஊர் எது? அவர்கள் ஒவ்வொருவருக்கும் இதே ஆபத்து உண்டு.

உறங்குபவனை இயற்கை அவன் அறியாமலே புரட்டிக் காக்கின்றது. அக்காவலை இழந்தவனுக்கு மெத்தை துணைக்கு வருகின்றது. ஆயினும், அவன் முதுகின் சூட்டைத் தொட்டு அறியவும், முகத்தைப் பார்த்து "எப்படி இருக்கு?" என்று கேட்கவும் மெத்தையால் இயலாது. அது பாரத்தை அறியும், மனத்தை அறியாது. காற்று மெத்தையும் காக்கும் கையும் ஒருங்கு சேரும் வீட்டிலேயே, படுக்கையிற் கிடப்பவன் மீண்டும் நிமிர்ந்து அமர்ந்து முற்றத்து வெயிலைக் காணும் நாள் வரும்.