ஔடத தானமும் இல்லத்து மருந்தும்



ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் எனச் சமண அறம் வகுத்த தானங்கள் நான்கு. காரியாசான் தம் நூலுக்குச் சிறுபஞ்சமூலம் என்றும், கணிமேதாவியார் தம் நூலுக்கு ஏலாதி என்றும் மருந்தின் பெயர்களையே சூட்டினர். மருந்தை அறத்தோடு ஒருங்கே எண்ணிய மரபு இது. அதே மரபு, பிரமாதம் எனப்படும் கவனக்குறைவால் உயிர்க்கு ஊறு நேர்வதையும் இம்சை என்றே கொள்கிறது. இல்லத்தில் உள்ள மருந்துப் பெட்டிக்கும் இவ்விதி பொருந்தும்.

நோய் தீர்ந்தபின் எஞ்சிய மாத்திரைகளைப் பணியாளர்க்கும் எளியோர்க்கும் கொடுப்பதை ஔடத தானம் எனக் கருதுவோர் உளர். எண்ணம் நன்று, செயல் நன்றன்று. ஒருவர்க்குப் பிணி தீர்த்தது, ஒவ்வாமையோ சிறுநீரகக் குறையோ உள்ள மற்றொருவர்க்கு நஞ்சாகலாம். அட்டையில் சிவப்புக் கோடு உள்ள மருந்து, மருத்துவர் சீட்டின்றி உண்ணத் தகாதது. கிருமிக்கொல்லி மருந்தை அரைகுறையாக உண்டால், கிருமிகள் அதனை எதிர்க்கும் வலிமை பெறும். நோயுற்றவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்று, அவர் எழுதும் மருந்தை வாங்கித் தருவதே மெய்யான ஔடத தானம்.

கதிரவன் மறையுமுன் உண்ணும் விரதமுடையோர்க்கு மற்றொன்றும் உண்டு. நீரிழிவுக்கு இன்சுலினும் சிலவகை மாத்திரைகளும் கொள்வோர், உணவின்றி அவற்றைக் கொண்டால் இரத்தச் சர்க்கரை தாழ்ந்து மயக்கமுறுவர். தாமாக மருந்தை நிறுத்துவதும் கேடே. தசலக்ஷண பர்வத்தில் நோன்பு நோற்க விழைவோர், உண்ணும் வேளையை முன்னரே மருத்துவரிடம் கூறி, மருந்தின் வேளையையும் அளவையும் வகுத்துக்கொள்ளல் வேண்டும்.

மருந்துக்கு வெப்பமும் ஈரமும் பகை. ஆதலின் அடுப்பங்கரையும் குளியலறையும் அதற்கு இடமல்ல. பெயரும் காலாவதி நாளும் தெரியும்படி உரிய அட்டையிலேயே, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்தல் வேண்டும். திறவாத இன்சுலினைக் குளிர்பெட்டியில் 2 முதல் 8 பாகை வெப்பத்தில், உறையவிடாது காத்தல் வேண்டும். குழந்தைகளுக்கான திரவ மருந்தை வீட்டுக் கரண்டியால் அளவாது, உடன்வரும் அளவுக் குப்பியாலேயே அளத்தல் வேண்டும்.

மருந்தின் ஆற்றல் அதனை உண்டவரோடு நின்றுவிடுவதன்று. கால்நடைகளின் வலி நீக்க இடப்பட்ட டைக்ளோஃபினாக், அவற்றின் சடலத்தைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகத்தைச் சிதைத்தது. அவ்வினம் பெரிதும் அருகியபின், 2006இல் இந்திய அரசு கால்நடைகளுக்கு அதனைத் தடைசெய்தது. எஞ்சிய மருந்தைக் கழிநீரில் கொட்டினால், நீர்நிலை சேர்ந்து ஆங்குள்ள சிற்றுயிர்களை அது வருத்தும். காலாவதியான மருந்தையும் பயன்படுத்திய ஊசியையும் தீங்கு தரும் வீட்டுக் கழிவு என்றே 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வகைப்படுத்தின. மருந்தைத் தனி உறையிலிட்டு, மேலே எழுதி, தூய்மைப் பணியாளரிடம் பிரித்துக் கொடுத்தல் நெறி. ஊசியை மூடியுள்ள கெட்டியான டப்பாவில் இடாது குப்பையில் எறிந்தால், குத்துவது அப்பணியாளர் கையையே.

எறும்புக்கும் ஊறு நேராது நடக்கப் பழகியோர்க்கு இக்கவனம் அரிதன்று. இப்பர்வ நாள்களில் இல்லந்தோறும் மருந்துப் பெட்டி ஒருமுறை திறந்து பார்க்கப்படுமாயின், அதுவும் அகிம்சை விரதத்தின் ஓர் உறுப்பாகும்.

வாழ்க அறம்!