இருபது வீரர் சென்ற நெடுவழி

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற கூட்டத்தின் முடிவில் நம் இளைஞர் சிலர் எழுந்து ஒரு வேண்டுகோள் விடுத்தமை உங்கட்கு நினைவிருக்கும். வரும் விடுமுறையில் சென்னையினின்றும் கன்னியாகுமரிவரை சைக்கிளிற் செல்லத் தமக்கு விருப்பமென்றும், வழியில் இரவு தங்குதற்கு நம் மரபினர் இல்லங்களில் இடம் வேண்டுமென்றும் அவர்கள் கேட்டனர். அது கேட்ட பெரியோர் இரண்டு தடைகளை எழுப்பினர். இரயிலும் பேருந்தும் உள்ள இந்நாளில் இவ்வுழைப்பால் விளையும் பயன் யாது என்பது ஒன்று. உடன்செல்லும் நண்பருள் நம்மவரல்லாத பிள்ளைகளும் உளரே, அவர்களை நம் இல்லத்தில் ஏற்பது எங்ஙனம் என்பது மற்றொன்று. முடிவு யாதும் காணாமலே கூட்டம் கலைந்தது.

இன்று பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தபோது, இவ்விரு வினாக்களுக்கும் விடை தரவல்ல ஓர் உண்மை வரலாற்றைச் சொல்லுவதே தக்கதென்று துணிந்தேன். அது நம் நாட்டு நிகழ்ச்சியன்று. தொலைவிலிருந்து பார்க்கும்போது சில பொருள்கள் தெளிவாய்த் தெரியும் என்பது பற்றியே அதனை எடுத்துக்கொண்டேன்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடமேற்கே மாண்டானா என்னும் மலைநாடு உளது. அங்கே மிசூலா என்னும் ஊரருகே இருந்த கோட்டையில் 25 ஆம் காலாட்படையின் ஒரு பகுதி தங்கியிருந்தது. அப்படையின் வீரர் அனைவரும் ஆப்பிரிக்க வழிவந்த கறுப்பினத்தவர். அவர்களை நடத்திய அதிகாரிகளோ வெள்ளையர். அந்நாட்டில் அடிமைமுறை 1865 இற் சட்டத்தால் ஒழிந்தது. ஆயினும் மனத்திலிருந்து ஒழியவில்லை. இரயில்வண்டியிற் கறுப்பர்க்கும் வெள்ளையர்க்கும் வேறு வேறு பெட்டிகள் வைப்பது குற்றமன்று என்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றமே 1896 இல் தீர்ப்பளித்தது. அவ்வாண்டினை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

அக்கோட்டையில் ஜேம்ஸ் மாஸ் என்னும் இளம் அதிகாரி ஒருவர் இருந்தார். இவர் 1894 இல் வெஸ்ட் பாயிண்ட் படைக்கல்லூரித் தேர்வில் தம் வகுப்பிற் கடைசியாகத் தேறியவர். நம் மாணாக்கர் இதனைக் கேட்டு மகிழலாம். ஆனால் வழிகாட்டியாகக் கொள்ளவேண்டா. குதிரைக்குப் புல்லும் நீரும் ஓய்வும் வேண்டும், சைக்கிளுக்கு இவை வேண்டா, ஓசையின்றியும் செல்லும், ஆதலின் படைக்கு அது பயன்படுமா என்று ஆராய விரும்பினார். மேலிடத்து இசைவு பெற்று, அதே 1896 இல் எட்டு வீரருடன் எல்லோஸ்டோன் பெருவனத்துக்குச் சென்று மீண்டார். போக வர ஏறத்தாழ 800 மைல்.

அதற்கு முன் அவ்வீரர் பெற்ற பயிற்சி நாம் அறியத்தக்கது. உயர்ந்த வேலி குறுக்கிட்டால் ஒருவர்க்கொருவர் கைகொடுத்து, வண்டிகளையும் தூக்கிக் கடப்பர். ஆழமான ஓடை எதிர்ப்பட்டால், ஒரு கழியிற் சைக்கிளைத் தொங்கவிட்டு, முன்னொருவர் பின்னொருவராக இருவர் தோளிற் சுமந்து நீரைக் கடப்பர். தனியே சென்றவன் கரையிலேயே நின்றிருப்பான்.

அடுத்த ஆண்டு, 1897 ஜூன் 14 ஆம் நாள், பெரும்பயணம் தொடங்கிற்று. வீரர் இருபதின்மர், அவர்களுடன் மாஸ், மருத்துவர் ஒருவர், செய்தித்தாளுக்கு எழுதும் பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர், ஆக இருபத்து மூவர். சேர வேண்டிய இடம் மிசௌரி நாட்டுச் செயிண்ட் லூயிஸ் நகரம். இடைத்தொலைவு ஏறத்தாழ 1,900 மைல். சென்னைக்கும் கன்னியாகுமரிக்கும் இருமுறை போய்வந்தாலும் அவ்வளவு ஆகாது. சைக்கிள், துப்பாக்கி, தோட்டா, போர்வை, உணவு முதலியன தோளிலும் வண்டியிலும் சுமையாயின. வழியோ பெரும்பாலும் மண்பாதை.

சுமைகளுள் ஒன்றனைத் தனித்துக் கூறவேண்டும். வீரர் ஒவ்வொருவரும் பாதிக் கூடாரமே கொண்டு சென்றனர். மாலையில் இருவர் தம் பாதிகளை ஒன்றாக இணைத்தால் ஒரு கூடாரம் ஆகும். தன் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவன் தனித்திருப்பானாயின், அன்றிரவு அவன் தலைக்குமேற் கூரையில்லை.

மழையால் வழி சேறாயிற்று. களிமண் சக்கரங்களில் அப்பிக்கொண்டமையின் அவை சுழலாவாயின. பன்முறை வண்டியைத் தள்ளியும் தூக்கியும் நடந்தனர். நாட்டின் நீரோட்டங்களைக் கிழக்கும் மேற்குமாகப் பிரிக்கும் மலைமுகட்டினைக் குளிரில் நடுங்கிக் கடந்தனர். லகோட்டா, செயென் குடிகள் 1876 இற் கஸ்டரின் படையை வென்ற லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களத்தருகே ஓரிரவு தங்கினர். அப்பால் நெபிராஸ்காவின் மணற்குன்றுகள் வந்தன. அங்கே வெயில் கொளுத்திற்று. சக்கரம் மணலிற் புதைந்தது. உவர்நீரைப் பருகிப் பலர் நோயுற்றனர். மணலுக்கு அஞ்சி இரயில் தண்டவாளத்தின் கட்டைகள்மீதே குலுங்கிக் குலுங்கிச் சென்றனர்.

ஜூலை 24 ஆம் நாள் செயிண்ட் லூயிஸ் நகரை அடைந்தனர். 41 நாட்களில் வழிநடந்த நாட்கள் 34. நாளொன்றுக்குச் சராசரி 56 மைல். நகரத்துச் சைக்கிள்காரர் எதிர்கொண்டு அழைத்தனர். அவர்களைக் காண ஆயிரக்கணக்கானோர் திரண்டனர்.

பின்னர் நிகழ்ந்தது யாது? வீரர்கள் இரயிலேறித் தம் கோட்டைக்குத் திரும்பினர். சான் பிரான்சிஸ்கோ வரை செல்ல மாஸ் மீண்டும் இசைவு கேட்டார்; கிடைக்கவில்லை. 1898 இல் ஸ்பெயினோடு போர் மூண்டது. அப்படை கியூபாவுக்கு அனுப்பப்பட்டது. சைக்கிள் அணி மறைந்தது.

அவர்களுள் ஒருவருடைய பிற்கால வாழ்வைக் கேளுங்கள். அவர் பெயர் மிங்கோ சாண்டர்ஸ். 1881 இற் படையிற் சேர்ந்தவர்; சைக்கிள் பயணத்தின்போது நாற்பதை நெருங்கியவர்; ஒரு கண்ணிற் பார்வை குன்றியவர்; ஆயினும் அவ்வீரர்கட்குத் தலைமைச் சார்ஜண்டாய் முழுவழியும் சென்றவர். கியூபாவிலும் பிலிப்பைன்சிலும் போர்புரிந்தவர். 1906 ஆகஸ்டில், டெக்சாஸ் நாட்டுப் பிரௌன்ஸ்வில் நகரில் நள்ளிரவிற் சிலர் சுட்டதில் ஒருவர் இறந்தார். பழி அங்கே தங்கியிருந்த கறுப்பின வீரர்மேல் விழுந்தது. வீரர் எல்லாரும் அப்போது படைவீட்டிலேயே இருந்தனர் என்று அவர்தம் வெள்ளை அதிகாரிகளே கூறினர். எனினும் வழக்குமன்ற ஆய்வு எதுவுமின்றி, குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் ஆணையால் 167 பேர் மானமிழந்து நீக்கப்பட்டனர். அவருள் சாண்டர்ஸும் ஒருவர். ஓய்வூதியம் பெறுங்காலம் நெருங்கியிருந்த அவர்க்கு அது கிடைக்கவில்லை. மீண்டும் சேர விண்ணப்பித்தார், மறுத்தனர். 1929 இல் மாண்டார். அரசு தன் பிழையை உணர்ந்து அவ்வாணையை மாற்றியது 1972 இல்.

அன்பர்களே! 1,900 மைல் வழி அவ்வீரரை நேர்மையாக அளந்தது. சேறும் மணலும் ஒருவனுடைய நிறத்தைக் கேட்பதில்லை; எவன் உழைத்தானோ அவனைக் கடக்கவிடும். அளவு தவறியது வழியிலன்று. வீட்டிலும் மன்றத்திலும் இருந்தோருடைய கண்ணில். அவர்கள் வீரரைப் பார்க்குமுன் தோலைப் பார்த்தனர். 41 நாள் உழைப்பும் 25 ஆண்டுத் தொண்டும் அந்த ஒரு பார்வைக்கு முன் நில்லாமற் போயின.

இனி நம் வினாக்களுக்கு வருவோம். பயன் யாது என்றீர்கள். நாளைக்கு ஐம்பது அறுபது மைல் மிதித்துச் செல்லும் இளைஞன், தன் உடல் எவ்வளவு தாங்கும் என்பதையும், பிறர் துணை எங்கே வேண்டும் என்பதையும் உணர்வான். இவ்விரண்டையும் என் வகுப்பறையில் இருபது ஆண்டாகக் கற்பிக்க முயன்றுவருகிறேன். முழு வெற்றி பெற்றேன் என்று சொல்லமாட்டேன்.

உடன்செல்வார் யார் என்றீர்கள். நாம் ஒரு மரபினர் கூடி அமைத்த சங்கம் இது. ஏழை மாணாக்கர்க்குச் சம்பளம் கட்டுகிறோம், கைம்பெண்டிர்க்கு உதவுகிறோம், இவை நல்லன. ஆனால் நம் பிள்ளையின் நண்பன் வாயிலில் நிற்கும்போது அவன் எக்குலத்தான் என்று முதலிற் கேட்போமாயின், பிரௌன்ஸ்வில் வீரரைத் தோலால் அளந்தவர்க்கும் நமக்கும் வேற்றுமை யாது? நம்மையும் அவ்வாறு பிறர் வாயிலில் நிறுத்தி அளந்த காலம் ஒன்று இருந்ததென்று நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதன் வருத்தம் அறிந்த நாமே அதனைச் செய்யலாமா? பாதிக் கூடாரத்தை நினைந்து பாருங்கள். மற்றைப் பாதி எவன் தோளில் உளதோ, அவனே அன்றிரவுக்குச் சுற்றத்தான்.

ஆகவே, அப்பிள்ளைகள் அனைவரையும் வேறுபாடின்றி ஏற்பதென்று இக்கூட்டம் இன்று தீர்மானித்தல் வேண்டுமென முன்மொழிகிறேன். சொல்லிவிட்டு வாளாவிருப்பவன் அல்லேன். திண்டிவனத்திற் பெருவழியின் பக்கத்தே என் தமையனார் இல்லம் உளது. அவர்க்கு இதுபற்றி எழுதினேன். நேற்று விடை வந்தது: “எத்தனை பேர் என்று மட்டும் எழுது, அரிசி போடவேண்டும்.” வேறொன்றும் அவர் கேட்கவில்லை.