இளைஞர் சிறையும் காத்திருக்கும் காலமும்



வேங்கடத்தைத் தமிழகத்தின் வடவெல்லையாகக் கொண்டனர் பண்டையோர். அம்மலை சேர்ந்த சேஷாசலத் தொடரில் இன்று தமிழிளைஞர் பலர் செம்மரம் வெட்டும் கூலிகளாக ஏறுகின்றனர். சவ்வாது மலையிலிருந்து வந்தவர் அவருள் மிகுதி. பிடிபட்டோர் சித்தூர், திருப்பதி நீதிமன்றங்களின் வழியே சிறை புகுகின்றனர். பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இஃது அயலார் செய்தியன்று.

இளைஞரை எவ்வாறு சிறையில் வைப்பது என்பது பழைய வினா. இங்கிலாந்தில் போர்ஸ்டல் என்னும் சிற்றூரில் 1902-இல் தொடங்கிய முறையைத் தழுவிச் சென்னை மாகாணம் 1925-ஆம் ஆண்டின் போர்ஸ்டல் பள்ளிச் சட்டத்தை இயற்றியது. 1953 வரை சென்னையோடிருந்த சித்தூருக்கும் அதுவே சட்டம். 16 முதல் 21 வயது வரையுள்ளோரை இரண்டாண்டுக்குக் குறையாமலும் ஐந்தாண்டுக்கு மேற்படாமலும் தனிப்பள்ளியில் வைக்கலாம் என்றது அது. காலம் நீண்டதாயிற்றே எனலாம். ஆனால் மூன்று திங்களில் எவனும் தச்சனாகான்!

விசாரணைக் கைதிக்கோ காலக்கணக்கே இல்லை. நாளையே பிணையில் போவான்; ஆண்டுக்கணக்கில் இருந்தாலும் இருப்பான். அவனுக்கு எந்தத் தொழிலைக் கற்பிக்கத் தொடங்குவது? 21 வயதுக்குட்பட்டோரைப் பிறரினின்று பிரித்து வைக்க வேண்டுமென 1894-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டம் விதிக்கிறது. அதற்குத் தனியிடம் வேண்டும்; காவலர் வேண்டும். வேலையற்ற இளைஞர் நாள் முழுதும் அடைந்து கிடக்கும் கொட்டடியில் பூசல் எழாதிருப்பதே வியப்பு. போதாக்குறைக்கு மொழி வேறு. பிணை நிற்க உள்ளூரில் உறவினர் இலர். ஊரிலுள்ள தாய் வாய்தாவுக்கு வர ஒருநாள் கூலியை இழக்கிறாள். பிணைக்குப் பணம் தருபவன் மரத்தரகனாயின், மகன் மீண்டும் மலைக்கே போகிறான்.

2013 டிசம்பரில் சேஷாசலக் காட்டில் வனத்துறை அலுவலர் இருவர் கொல்லப்பட்டனர். அவ்வழக்கில் நூற்றுக்கணக்கான தமிழ்த் தொழிலாளர் குற்றஞ்சாட்டப்பட்டனர். 2016-இல் திருப்பதி நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. இடையிற் கழிந்த காலத்தை எந்தப் பள்ளியின் கணக்கில் எழுதுவது?

காவலிலிருப்போர்க்கு இலவசச் சட்ட உதவி 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமையாகும். 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆம் பிரிவு மற்றொரு வழியும் திறந்துள்ளது. இதற்கு முன் எக்குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவன், குற்றம் மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரியதன்றாயின், உச்சத் தண்டனையில் மூன்றிலொரு பங்கு காலம் கழித்தவுடன் விடுதலைக்குரியவன். விண்ணப்பிக்க வேண்டியவர் சிறைக் கண்காணிப்பாளரே. வழக்குகள் பலவாயின் இச்சலுகை இல்லை. ஆதலின் அவன் மீதுள்ள வழக்கு ஒன்றா பலவா என்பதையே முதலிற் கேட்டறிதல் வேண்டும். வழக்கு ஏடுகள் தெலுங்கில் இருப்பின், இருமொழியும் அறிந்த ஒருவர் உடனிருந்து படித்துச் சொல்ல வேண்டும். சித்தூரில் அத்தகையோர் தெருவுக்குத் தெரு உளர்.