புள்ளி எங்கே போனது?

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



ஏழாம் வகுப்புக்குத் தசமப் பெருக்கலைக் கைப்பேசியில் படம்பிடித்து வகுப்புக் குழுவில் அனுப்பியிருந்தேன். மறுநாள் நான்கைந்து குறிப்பேடுகளில் 3.05 × 4 என்பது 305 × 4 என்றிருந்தது. கடிந்துகொண்டேன். "வீடியோவுல புள்ளியே இல்லைங்க சார்" என்றாள் ஒரு மாணவி. வாங்கிப் பார்த்தேன், உண்மைதான். கோப்பு சிறிதாக வேண்டுமென்று நான் அளவுமீறிச் சுருக்கியதில் புள்ளி கரும்பலகையோடு கரைந்திருந்தது. தமிழாசிரியர்களுக்கு இன்னும் கவலை: மெய்யெழுத்தெல்லாம் உயிர்மெய்யாகிவிடும்!

சுருக்காமலும் முடியாது. 1920 × 1080 பிக்சல், நொடிக்கு 30 சட்டகம் என்றால், சுருக்காத படம் நொடிக்கு ஏறத்தாழ 186 எம்.பி. இருபது நிமிடப் பாடம் 220 ஜி.பி.யைத் தாண்டும். அதனால் கைப்பேசியே சுருக்கித்தான் பதிகிறது. நொடிக்கு 17 மெகாபிட் வீதம் பதிந்தால் அதே பாடம் இரண்டரை ஜி.பி.

சுருக்கும் முறை இரண்டு வேலை செய்கிறது. முந்தைய சட்டகத்திலிருந்து மாறியதை மட்டும் குறித்துக்கொள்கிறது. பிறகு படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு அதிகம் தெரியாத நுண்விவரங்களைக் கழிக்கிறது. தசமப்புள்ளியும் அதற்கு வெறும் நுண்விவரம்தான்.

எம்.பி.4 என்பது உறை மட்டுமே, உள்ளிருப்பது எச்.264 ஆகவும் இருக்கலாம், எச்.265 ஆகவும் இருக்கலாம். 2003இல் வந்தது எச்.264. 2013இல் வந்த எச்.265, அதே தெளிவை ஏறத்தாழப் பாதி அளவில் தருவதற்காக உருவாக்கப்பட்டது. 2018இல் வந்த ஏ.வி.1 இன்னும் சிக்கனமானது. ஆனால் பழைய கணினியில் மாற்றப் போட்டால் நேரம் இழுக்கும்.

அப்படியானால் எச்.265தானே நல்லது? நானும் அப்படித்தான் நினைத்தேன். பழைய கைப்பேசிகளில் அது திக்கித் திக்கி ஓடியது, சிலவற்றில் ஒலி மட்டும் வந்தது. ஆகவே பிள்ளைகளுக்கு அனுப்புவது எச்.264, என் வன்தட்டில் சேமித்து வைப்பது எச்.265.

ஹேண்ட்பிரேக் என்னும் இலவச மென்பொருளில் தர எண் ஒன்று உண்டு. எண் குறையக் குறையத் தெளிவு கூடும், கோப்பும் பெருக்கும். எச்.264இல் 22 வைத்தால், எச்.265லும் 22 வைத்து ஒப்பிடாதீர்கள். இரண்டுக்கும் அளவுகோல் வேறு. கோப்பின் அளவைச் சமமாக்கிவிட்டுத் தெளிவைப் பாருங்கள்.

வடிவத்தை மாற்றுவதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கைப்பேசியைக் கையில் பிடிக்காமல் தாங்கியில் நிறுத்துங்கள். கை நடுங்கினால் பலகை முழுவதும் அசைகிறது. அசையாத பலகையைப் புதிதாகக் குறிக்க வேண்டியது அநேகமாக இல்லை. மிச்சமாகும் இடம் எழுத்துக்குக் கிடைக்கும்.

இப்போது ஒரே அளவுள்ள இரண்டு துணுக்குகளை ஓடவிடுகிறேன். முதலாவது கையில் பிடித்தது, அடுத்தது தாங்கியில் வைத்தது. கடைசி வரிசையில் இருப்பவர்கள், 3க்கும் 0க்கும் நடுவே என்ன தெரிகிறது என்று சொல்லுங்கள்.