சீனாவுக்குக் கொள்முதலுக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு
(அறக்கட்டளையின் தொழில் வழிகாட்டல் அமர்வில் ஆற்றிய உரை)



பெரியோர்களே, தாய்மார்களே, பயணத்துக்குத் தயாராகிக்கொண்டிருக்கும் தம்பிகளே!

நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் இப்போது சிங்கப்பூர், துபாய் என்று வேலைக்குப் போவதோடு நிற்காமல், சொந்தமாகச் சரக்கு எடுக்கச் சீனாவுக்குப் போகிறார்கள். அல்ஹம்துலில்லாஹ், நல்ல விஷயம். குவாங்சோ நகரில் 1957 முதல் ஆண்டுக்கு இரண்டு முறை, இளவேனிலிலும் இலையுதிர் காலத்திலும், கேன்டன் கண்காட்சி நடக்கிறது. ஈவூ நகரத்தின் மொத்தச் சந்தையில் 70,000-க்கும் மேற்பட்ட கடைகள். பை, செருப்பு, விளையாட்டுச் சாமான், பாத்திரம், மின்விளக்கு என்று எல்லாம் அங்கே கிடைக்கிறது.

ஆனால் அந்தப் பயணத்துக்குப் பின்னால் இருக்கும் பணம் யாருடையது? பெரும்பாலும் அது வங்கிப் பணம் அல்ல. உம்மாவின் வளையல், அக்காவின் நகை, மாமா கொடுத்த கைமாற்று. அது ஒரு அமானிதம். அந்த அமானிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மொழியும் பழக்கமும் தெரியாத ஊரில் ஒரு தம்பி போய் உட்காருகிறான். அவனுக்கு விலை பேசத் தெரிந்தால் மட்டும் போதாது. எதிரே இருப்பவர் சிரிப்பது சம்மதமா, மறுப்பா என்று தெரிய வேண்டும். அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

முதலில் ஒரு பழைய செய்தி. சீனப் பேரரசரின் கப்பற்படையை நடத்தி வந்த தளபதி செங் ஹே, யுன்னானில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். அவர் இலங்கைக்குக் கொண்டுவந்த கல்வெட்டு ஒன்று 1911-இல் காலி நகரில் கண்டெடுக்கப்பட்டது. இன்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1409 என்று ஆண்டு குறிக்கப்பட்ட அந்தக் கல்லில் மூன்று மொழிகள்: சீனம், தமிழ், பாரசீகம். சீன மொழிப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெனவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாமிய முறையிலும் மரியாதை சொல்கிறது. கொடுத்த பொருள்களின் பட்டியலும் அவரவர் மொழியில் இருக்கிறது. போகிற ஊரில் யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு எது மரியாதை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு புறப்பட்டிருக்கிறார்கள். 600 ஆண்டுகளுக்கு முன் அவர்கள் நம் பக்கம் வரும்போது செய்ததை, இன்று நாம் அவர்கள் பக்கம் போகும்போது செய்ய வேண்டும்.

சீனர்கள் 'மியான்சி' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். நேரடியாகச் சொன்னால் 'முகம்'. நம் ஊரில் 'நாலு பேர் முன்னால் என் முகத்தைக் கெடுத்துவிட்டான்' என்கிறோமே, அதேதான். சாம்பிளில் தையல் பிரிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலையாட்கள் முன்னால் முதலாளியிடம் சத்தம் போட்டால், அவர் சரக்கைச் சரிசெய்வதைவிடத் தன் முகத்தைக் காப்பாற்றுவதில்தான் கவனமாக இருப்பார். தனியாக அழைத்து, படத்தைக் காட்டி, 'இதை எப்படிச் சரிசெய்யலாம்?' என்று கேளுங்கள். அவருக்கும் வழி கிடைக்கும், நமக்கும் சரக்கு கிடைக்கும்.

அதே முகத்துக்காகத்தான் அவர்கள் 'முடியாது' என்று நேராகச் சொல்லத் தயங்குவார்கள். 'பார்க்கிறோம்', 'யோசித்துச் சொல்கிறோம்', 'கொஞ்சம் சிரமம்' என்று வந்தால் பல நேரங்களில் அது மறுப்பு. தலையை ஆட்டுவது 'நீங்கள் சொல்வது காதில் விழுகிறது' என்று மட்டும் இருக்கலாம். ஆகவே 'இருபதாம் தேதிக்குள் அனுப்பிவிடுவீர்களா?' என்று கேட்காதீர்கள். ஆமாம் என்றுதான் பதில் வரும். 'எந்தத் தேதியில் துணி வரும், எந்தத் தேதியில் தையல் முடியும், எந்தத் தேதியில் பெட்டி கட்டுவீர்கள்?' என்று கேளுங்கள். பதிலிலேயே உண்மை தெரிந்துவிடும்.

அடுத்தது நம் குடும்பங்கள் அதிகம் கவலைப்படும் விஷயம்: சாப்பாடு.

அங்கே வியாபாரம் பாதி சாப்பாட்டு மேசையில்தான் நடக்கிறது. விருந்துக்கு அழைத்தால் ஒரேயடியாக மறுப்பது நல்லதல்ல. அதற்காக ஹராமில் கை வைக்கவும் தேவையில்லை. சீனாவில் ஹுய் போன்ற முஸ்லிம் சமூகங்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வாழ்கின்றன. முஸ்லிம்கள் பன்றி சாப்பிடமாட்டார்கள், மது அருந்தமாட்டார்கள் என்பது அந்த மக்களுக்குத் தெரியும். அழைப்பு வந்த உடனேயே, முன்கூட்டியே, 'நான் முஸ்லிம்' என்று சொல்லிவிடுங்கள். மேசையில் உணவு வந்த பிறகு முகம் சுளித்தால்தான் அழைத்தவருக்கு அவமானம்.

ஒன்றைக் கவனியுங்கள். சீன மொழியில் 'இறைச்சி' என்று பொதுவாகச் சொன்னாலே பெரும்பாலும் அது பன்றியைத்தான் குறிக்கும். காய்கறியைக்கூடப் பன்றிக் கொழுப்பில் வதக்குவார்கள். ஆகவே 'இறைச்சி வேண்டாம்' என்பது போதாது. 'சிங்ஜென்' என்று கேளுங்கள். ஹலால் என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல் அது. லான்சோ மாட்டிறைச்சி நூடுல்ஸ் கடைகள் ஏறக்குறைய எல்லா நகரத்திலும் உண்டு. அவற்றில் பலவற்றை முஸ்லிம்களே நடத்துகிறார்கள். பல இடங்களில் பெயர்ப் பலகையில் இப்போது அரபி எழுத்து இருக்காது. ஆகவே 'சிங்ஜென்' என்பதன் இரண்டு சீன எழுத்துகளைப் படமெடுத்து அலைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் நல்ல வழி, நீங்களே முந்திக்கொண்டு அவரை ஒரு சிங்ஜென் உணவகத்துக்கு அழைப்பது. அழைத்தவர்தான் காசு கொடுப்பார் என்பது அங்கே வழக்கம். நம் கவலையும் தீரும், அவருக்கும் மரியாதை.

விருந்தில் 'கன்பேய்' என்று கோப்பையைத் தூக்குவார்கள். காலி செய் என்று பொருள். நீங்கள் தேநீரையோ பழச்சாற்றையோ தூக்குங்கள். வயதில் பெரியவரின் கோப்பையைவிட உங்கள் கோப்பையைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்தால், நீங்கள் மதுவைத் தொடாததை மறந்துவிட்டு உங்கள் அடக்கத்தை நினைவில் வைத்துக்கொள்வார். 'உடம்பு சரியில்லை, மருத்துவர் வேண்டாம் என்றார்' என்று பொய் சொல்ல வேண்டாம். மறுநாளும் அதே பொய்யைச் சொல்ல வேண்டிவரும். மார்க்கம் என்று சொன்னால் ஒரு நாளில் முடிந்துவிடும்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. கதவைப் பார்த்த நடு நாற்காலி முக்கியமானவருக்கு. உட்காரச் சொல்லும்வரை நில்லுங்கள். சோற்றில் குச்சிகளைச் செங்குத்தாக நட்டு வைக்காதீர்கள். இறந்தவர்களுக்கு ஊதுவத்தி ஏற்றுவதுபோல் அவர்களுக்குத் தோன்றும். முகவரி அட்டையை இரண்டு கைகளாலும் கொடுங்கள், இரண்டு கைகளாலும் வாங்குங்கள். வாங்கியதும் படித்துப் பாருங்கள், பின்பாக்கெட்டில் திணிக்காதீர்கள். பெயரில் குடும்பப் பெயர்தான் முதலில் வரும். அதைச் சொல்லியே அழையுங்கள்.

ஈவூவிலும் குவாங்சோவிலும் கடையை நடத்துபவர்களில் பெண்கள் ஏராளம். கை நீட்டுவார்கள். கை கொடுக்க விரும்பாத தம்பிகள், அவர் கை நீட்டும் முன்பே வலது கையை நெஞ்சில் வைத்து, புன்னகையோடு தலையைத் தாழ்த்துங்கள். கையை நீட்டிய பிறகு பின்வாங்கினால் அது அவமதிப்பாகத் தெரியும்.

அன்பளிப்பு கொண்டுபோகிறவர்கள் கேளுங்கள். நம் வீடுகளில் பாங்கு சொல்லும் கடிகாரம் நல்ல பரிசு. அங்கே கடிகாரம் கொடுக்கவே கூடாது. 'கடிகாரம் கொடுப்பது' என்ற சொல், இறுதிச் சடங்கு செய்வது என்ற சொல்லைப்போலவே ஒலிக்கும். குடையும் வேண்டாம், பிரிவைக் குறிக்கும். பச்சைத் தொப்பி கண்டிப்பாக வேண்டாம். மனைவி துரோகம் செய்தவன் என்று கேலி செய்வதுபோல் ஆகிவிடும். வெள்ளைத் தாளில் சுற்றுவது துக்கத்துக்கு. நான்கு என்ற எண் சாவு என்ற சொல்லைப்போல் ஒலிப்பதால் நான்காகக் கொடுக்காதீர்கள். நம் ஊர் முந்திரி, ஏலக்காய், நல்ல டீத்தூள் போதும். முதலில் வேண்டாம் என்பார்கள். இரண்டாம் முறை, மூன்றாம் முறை நீட்டுங்கள். வாங்கியதும் உங்கள் எதிரில் பிரிக்கமாட்டார்கள், வருத்தப்படாதீர்கள்.

இப்போது பண விஷயம். நன்றாகப் பழகிவிட்டோம், சேர்ந்து சாப்பிட்டோம், 'தம்பி' என்று அழைத்துவிட்டார், இனி எழுத்து எதற்கு என்று நம் பிள்ளைகள் நினைப்பதுண்டு. பழக்கம் வேறு, பத்திரம் வேறு. கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லும் வசனம்தான் திருக்குர்ஆனிலேயே நீளமானது என்பது நமக்குத் தெரியும். சீனர்களும் எழுதிக் கேட்பதைத் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் மரியாதை இருக்கிறது. 'உங்களை நம்பவில்லை' என்று சொல்லாமல், 'வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள்' என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட.

ஒப்பந்தத்தில் கையெழுத்தைவிட நிறுவனத்தின் சிவப்பு வட்ட முத்திரை முக்கியம். முத்திரை இல்லாத தாளை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். நிறுவனத்தின் சட்டபூர்வமான பெயர் சீன எழுத்தில் இருப்பதுதான். அட்டையில் உள்ள ஆங்கிலப் பெயர் அல்ல. தொழில் உரிமத்தின் நகலைக் கேளுங்கள். அதில் 18 இலக்கப் பதிவு எண் இருக்கும். வங்கிக் கணக்கும் அதே பெயரில் இருக்க வேண்டும். 'கணக்கு மாறிவிட்டது, இந்தப் புதுக் கணக்கில் போடுங்கள்' என்று மின்னஞ்சல் வந்தால், நிறுத்துங்கள். ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் எண்ணில் அழைத்து, குரலைக் கேட்டு உறுதி செய்யுங்கள். பொதுவாக 30 சதவீதம் முன்பணம், மீதி 70 சதவீதம் சரக்கு ஏற்றும் முன் என்று பேசுவார்கள். அந்த மீதியைக் கொடுக்கும் முன்பு சரக்கைப் பார்த்தாக வேண்டும். நீங்களோ, நம்பிக்கையான ஆளோ, சோதனை நிறுவனமோ பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும்.

நாட்காட்டியையும் பாருங்கள். சீனப் புத்தாண்டு ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள் வரும். அரசு விடுமுறை ஒரு வாரம் அளவுதான். ஆனால் தொழிலாளர்கள் ஊருக்குப் போவதால் தொழிற்சாலைகள் மூன்று, நான்கு வாரம் ஓடாது. அக்டோபர் 1 முதல் இன்னொரு வார விடுமுறை. நோன்பும் சீனப் புத்தாண்டும் ஒட்டி வரும் ஆண்டுகளில், பெருநாள் சரக்குக்கு நோன்புக்குப் பல மாதங்கள் முன்பே ஆர்டர் கொடுக்காவிட்டால், பெருநாள் முடிந்த பிறகுதான் பெட்டி வந்து இறங்கும்.

அந்த நாட்டின் சட்டத்தையும் மதிப்போம். பாஸ்போர்ட் எப்போதும் கையில் இருக்கட்டும். விடுதியில் தங்கினால் அவர்களே பதிவு செய்வார்கள். தெரிந்தவர் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும். மார்க்க நூல்களைக் கட்டாகக் கொண்டுபோய் வினியோகிக்கக் கூடாது. தொழுகையைப் பள்ளிவாசலிலோ அறையிலோ வைத்துக்கொள்ளுங்கள். ஜும்ஆவுக்குக் குவாங்சோவில் பழமையான ஹுவாய்ஷெங் பள்ளிவாசல் இருக்கிறது. ஈவூவிலும் பெரிய பள்ளிவாசல் உண்டு. வாட்ஸ்அப்பும் கூகுளும் அங்கே வழக்கம்போல் வேலை செய்யாது. வீட்டாரோடு எப்படித் தொடர்புகொள்வது என்று இங்கேயே பேசி, அதை அவர்களுக்கும் பழக்கிவிட்டுப் போங்கள்.

கடைசியாக, வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை போய் இறங்கிய மூன்றாம் நாளே 'என்னப்பா, இன்னும் ஆர்டர் போடவில்லையா?' என்று கேட்காதீர்கள். அந்த அவசரம்தான் அவனை முத்திரை இல்லாத தாளில் கையெழுத்துப் போட வைக்கிறது. முதல் பயணத்தில் பத்துக் கடை பார்த்து, இரண்டு பேரிடம் பழகி, சாம்பிளோடு வெறுங்கையாகத் திரும்பினாலும் அது நஷ்டமல்ல. அவர்கள் 'குவான்ஷி' என்று சொல்லும் உறவு ஒரே நாளில் அமைவதில்லை.

தம்பிகளே, அந்தக் கடைக்காரர் உங்களை மட்டும் பார்ப்பதில்லை. உங்களுக்குப் பிறகு தாடியோடும் தொப்பியோடும் அங்கே வந்து நிற்கப்போகும் அடுத்த பிள்ளையையும் உங்களை வைத்தே எடைபோடுவார். சொன்ன தேதியில் பணம் கொடுத்து, சொன்ன நேரத்தில் போய் நின்று, எடுத்த சரக்கைக் காரணமில்லாமல் மறுக்காமல் இருந்தால், அவனுக்கு நாற்காலி தானாகக் கிடைக்கும்.

பயணம் புறப்படும் பிள்ளைகள் ஒரு வாரம் முன்பே அலுவலகத்துக்கு வாருங்கள். நிறுவனத்தின் தாள்களைச் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம், இன்ஷா அல்லாஹ். உங்கள் பயணத்தை அல்லாஹ் இலேசாக்குவானாக. உங்கள் வியாபாரத்தில் பரக்கத் செய்வானாக. போன கையோடும் காத்த ஈமானோடும் உங்களை வீடு சேர்ப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.