படிக்கட்டில் தொங்கும் பட்டணம்

(தொழிலாளர் தோழர்கள் கூட்டிய மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கூட்டம் ஆறு மணிக்கு என்று சுவரொட்டி சொல்லிற்று. மைதானம் நிறைந்ததோ ஏழரை மணிக்கு. தமிழனுக்கு நேரத்தின் அருமை தெரியாது என்று எழுதிப் பிழைக்கும் ஏட்டாளர்கள் சிலர் உண்டு. எழுதட்டும். அவர்களை ஒரே ஒரு மாலை, ஐந்தரை மணிக்கு, சைதாப்பேட்டை நிறுத்தத்தில் நிற்கவைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஒரு பேருந்து நிற்காமல் போகும். அடுத்தது நிற்கும், ஆனால் நிறுத்தத்தில் நிற்காது; நாற்பது அடி தள்ளி நிற்கும். ஓடிச்சென்று ஏறுகிறவன் இளைஞன். ஓட முடியாமல் நிற்கிறவள் தாய். நேரத்தின் அருமையை அறியாதவன் தமிழன் அல்லன், தோழர்களே! அவன் நேரத்தை அன்றாடம் யாரோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். எடுத்தவன் பெயர் எந்தக் காவல் நிலையத்திலும் பதிவாகவில்லை.

கல்லூரியைப் பாதியில் விட்டு வெளியேறியவன் நான். பட்டம் பெறவில்லை. ஆனால் பட்டணத்தைப் படித்தேன். படித்த இடம் பேருந்து. ஆகவே இன்று பேருந்தையும் இரயிலையும் பற்றிப் பேசுவேன். அரசியல் கூட்டத்தில் இது என்ன பேச்சு என்று எவரேனும் புருவம் உயர்த்தினால், அவர்க்கு ஒரு வரலாறு சொல்லிவிட்டு மேலே செல்கிறேன்.

பேருந்து என்றால் என்ன? இரும்பும் தகரமும் என்பான் கம்மியன். வரவும் செலவும் என்பான் கணக்கன். ஆயிரமாண்டு ஆணவத்தை அரை இருக்கையில் அடக்கி உட்காரவைத்த கருவி என்பேன் நான்! அதுவும் எளிதில் நடந்துவிடவில்லை. 1920களின் இறுதியில் இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராக இருந்தவர் பட்டிவீரன்பட்டி ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனார். அந்நாளில் தனியார் பேருந்து முதலாளிகள் தாழ்த்தப்பட்ட மக்களை வண்டியில் ஏற்ற மறுத்தனர். வெள்ளிக்காசு எல்லார் கையிலும் புரளும், அதற்குத் தீட்டில்லை. அதை நீட்டிய விரலுக்குத் தீட்டு! சௌந்தரபாண்டியனார் என்ன செய்தார்? உபதேசம் செய்யவில்லை. உள்ளம் உருகி வேண்டவில்லை. ஏற்ற மறுக்கும் வண்டியின் உரிமம் பறிக்கப்படும் என்று உத்தரவிட்டார். சாதி பெரிதா, உரிமம் பெரிதா என்று முதலாளியின் முன் கேள்வி வைக்கப்பட்டது. கல்லாப்பெட்டியைக் கட்டிக்கொண்டு வாழ்ந்தவனுக்கு விடை காண வெகுநேரம் ஆகவில்லை. 1929-இல் செங்கற்பட்டில் நடந்த முதலாவது சுயமரியாதை மாநாட்டின் தலைமை இருக்கையில் அமர்ந்தவரும் அவரே. இன்று தியாகராயநகர்ப் பாண்டி பசாரில் பட்டும் பகட்டும் வாங்கிச் செல்வோரில் எத்தனை பேருக்குத் தெரியும், அந்தப் பாண்டி இந்தப் பாண்டியனார்தான் என்பது?

எனவே, பேருந்தில் யார் ஏறலாம் என்பது அரசியல். ஏறியவன் எங்கே நிற்கிறான் என்பதும் அரசியல். அவன் நிற்கும் இடம் எது? படிக்கட்டு!

2012 டிசம்பர் 10. ராஜீவ் காந்தி சாலையில் பெருங்குடிப் பக்கம், பேருந்தின் பக்கவாட்டில் தொங்கிச் சென்ற மாணவர் நால்வர் லாரியில் சிக்கி மாண்டனர். 2018 ஜூலை 24. பரங்கிமலை இரயில் நிலையம். மின்கம்பிக் கோளாறினால் உள்ளூர் இரயில்கள் விரைவுப் பாதையில் திருப்பிவிடப்பட்ட காலை. அந்தப் பாதையின் ஓரத்தில் கான்கிரீட் தடுப்புச் சுவர். கதவில் தொங்கியவர்கள் அந்தச் சுவரை எதிர்பார்க்கவில்லை. புத்தகப் பையும் சோற்றுப் பொட்டலமுமாகப் புறப்பட்டவர்கள் தண்டவாளத்தில் சிதறினர். 2025 ஜூன் 9. மும்பைக்கருகே மும்ப்ரா. எதிரெதிரே கடந்த இரு இரயில்களின் வாயிலில் தொங்கியவர்கள் உரசிக்கொண்டு விழுந்தனர், உயிர்கள் போயின. ஊர் வேறு, மொழி வேறு, படிக்கட்டு ஒன்று.

ஒவ்வொரு முறையும் உடல்களை எடுத்துச் சென்றபின் ஓர் உபதேசம் வரும். "படியில் பயணம், நொடியில் மரணம்" என்று எழுதிய பலகைக்குப் புதுச் சாயம் பூசுவார்கள். சட்டமும் இருக்கிறது. 1989-ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின் 156-ஆம் பிரிவு: எச்சரித்தபின்னும் கூரையிலோ படிக்கட்டிலோ பயணம் செய்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஐந்நூறு ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

நாடகக்காரனிடம் சட்டப் பிரிவைக் கொடுத்தால் அவன் என்ன செய்வான்? காட்சி எழுதுவான். இதோ அந்தக் காட்சி. திரை உயர்கிறது. நீதிமன்றம். கூண்டில் ஓர் இளைஞன். சட்டைப் பையில் மாதச் சீட்டு.

நீதிபதி: படிக்கட்டில் தொங்கினாயா?

இளைஞன்: தொங்கினேன், ஐயா.

நீதிபதி: உள்ளே போக உனக்கு என்ன தடை?

இளைஞன்: உள்ளே இருந்தவர்கள், ஐயா.

நீதிபதி: அடுத்த வண்டிக்குக் காத்திருக்கலாமே?

இளைஞன்: காத்திருந்துதான் இதில் ஏறினேன். இது அடுத்த வண்டிக்கு அடுத்த வண்டி.

நீதிபதி: வீட்டிலிருந்து முன்னதாகப் புறப்பட்டிருக்கலாமே?

இளைஞன்: ஐந்து மணிக்கே புறப்பட்டேன். அதற்கும் முன்னதாக என்றால் நேற்றே புறப்பட வேண்டும், ஐயா.

நீதிபதி: உயிர் உனக்குப் பெரிதில்லையா?

இளைஞன்: பெரிதுதான். பத்து நிமிடம் தாமதித்தால் அரை நாள் கூலி போகிறது. மூன்று நாள் தாமதித்தால் வேலை போகிறது. தொங்கினால் உயிர் போனாலும் போகலாம், போகாமலும் இருக்கலாம். நிச்சயமாகப் போவதை விட்டுவிட்டு, போகலாம் என்பதைத் தேர்ந்துகொண்டேன்.

திரை விழட்டும். தீர்ப்பை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

விளையாட்டுக்காகத் தொங்கும் பிள்ளைகளே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. பேருந்துக் கூரையில் ஏறித் தாளம் போடும் மாணவத் தம்பிகளைக் கண்டிருக்கிறேன், கண்டிக்கவும் தயங்கியதில்லை. வீரம் காட்ட வேறு களம் இருக்கிறது. ஆனால் அந்தப் பத்துப் பேரைக் காட்டி, பிழைப்புக்காகத் தொங்கும் பல்லாயிரம் பேரின் கணக்கை மூடிவிடக்கூடாது.

கதவு மூடும் இரயில் நம் நாட்டில் செய்ய இயலாத அற்புதமா? இல்லை. 2025 ஏப்ரல் 19-இல் சென்னைக் கடற்கரைக்கும் செங்கற்பட்டுக்கும் இடையே குளிர்சாதன மின்சார இரயில் ஓடத் தொடங்கிற்று. நிலையம் வந்தால் கதவு திறக்கிறது, புறப்படுமுன் மூடுகிறது. மகிழ்ச்சி! ஆனால் தொடங்கிய நாளில் அதன் குறைந்தபட்சக் கட்டணம் முப்பத்தைந்து ரூபாய். சாதாரண வண்டியிலோ ஐந்து ரூபாய். முப்பது ரூபாய் கூடுதலாகத் தருபவனுக்குக் கதவு மூடும். தர முடியாதவனுக்கு வாயில் திறந்தே கிடக்கும். குளிர்ச்சிக்குக் காசு கேளுங்கள், வழக்காட மாட்டேன். கதவுக்குமா காசு?

இங்கே இன்னொரு கேள்வி எழுகிறது. மனிதன் ஏன் இவ்வளவு தொலைவு போகிறான்? வேலைக்குப் பக்கத்திலேயே குடியிருக்கக் கூடாதா?

குடியிருந்தார்களே, தோழர்களே! கூவம் கரையில் இருந்தார்கள். அடையாற்றுக் கரையில் இருந்தார்கள். நடந்து போகும் தொலைவில் வேலை இருந்தது. 1970-இல் குடிசை மாற்று வாரியம் பிறந்தபோது, குடிசை நின்ற இடத்திலேயே மாடி வீடு கட்டுவது என்பதுதான் எண்ணம். அப்படிக் கட்டிய குடியிருப்புகளை நகரின் நடுவே இன்றும் காணலாம். பின்னர் என்ன ஆயிற்று? நகரத்து மண் பொன்னாயிற்று. பொன்னின்மேல் ஏழை படுத்திருக்கலாமா? தூக்கிக்கொண்டுபோய்த் தொலைவில் வைத்தார்கள். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம்! வீட்டை மாற்றியவர்கள் வேலையை மாற்றவில்லை. பாத்திரம் துலக்க வேண்டிய வீடு மயிலாப்பூரிலேயே இருந்தது. பெருக்க வேண்டிய கடை புரசைவாக்கத்திலேயே இருந்தது. இடையில் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர். அந்தத் தொலைவை யார் போட்டது? இயற்கையா போட்டது? கோட்டையில் ஒரு கோப்பில் போட்ட கையெழுத்து!

பெயர் வைத்தவர்களை நான் பாராட்டத்தான் வேண்டும். கண்ணகி நகர்! புகாரிலிருந்து மதுரைக்குக் கால்நடையாய்ப் போனவள் கண்ணகி. கையில் சிலம்போடு அரண்மனை வாயிலில் நின்றாள். வாயிற்காவலன் ஓடிப்போய் மன்னனுக்குச் சொன்னான். இன்றைய கண்ணகி கையில் தூக்குப்பாத்திரத்தோடு நிறுத்தத்தில் நிற்கிறாள். பொழுது இன்னும் புலரவில்லை. பிள்ளை உறங்குகிறது, எழுப்பிப் பள்ளிக்கு அனுப்ப ஆளில்லை. அவள் நிற்கும் செய்தியை யார் ஓடிப்போய் எந்த மன்னனிடம் சொல்வது?

2021 மே மாதத்தில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லை என்ற ஆணை வந்தது. மாநிலத் திட்டக்குழு ஆராய்ந்து, ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று கண்டது. 888 ரூபாய்! மாளிகைவாசிக்கு ஒரு வேளைச் சிற்றுண்டிச் செலவு. வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கோ பிள்ளையின் பள்ளிச் செலவு, மாமியாரின் மருந்து, சில சமயம் முதன்முதலாக அவள் கையில் தங்கும் பணம். புருஷனிடம் கைநீட்டிப் பேருந்துக் காசு வாங்காமல் தாய்வீடு போய் வந்த பெண்ணைக் கேட்டுப்பாருங்கள், அந்த ஆணையின் பொருள் என்னவென்று. அகராதியில் இல்லாத விளக்கம் சொல்வாள்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கைதட்டல் குறைந்தாலும் சொல்லியாக வேண்டும். அந்தப் பெண்ணைப் பார்த்து "ஓசி" என்று முணுமுணுக்கும் வாய்கள் இருக்கின்றன. பேருந்துக்குள்ளும் இருக்கின்றன, மேடைகளிலும் இருக்கின்றன. யார் ஓசி? தன் உழைப்பால் பட்டணத்தைத் துடைத்து வைக்கிறவளா? பலகோடி செலவில் எழும்பிய மேம்பாலத்தில் தனியொருவனாகச் சீருந்து செலுத்திப் போகிறானே, அவன் அந்தப் பாலத்துக்கு என்ன சீட்டு வாங்கினான்? பேருந்து இருக்கையில் நெருங்கி உட்கார்ந்த அறுபது பேர் பிடிக்கும் இடத்தைவிட, சீருந்தில் ஒற்றையாய்ச் செல்லும் அறுபது பேர் பிடிக்கும் இடம் எத்தனை மடங்கு? அதை எவரும் ஓசி என்று சொல்வதில்லை, வளர்ச்சி என்கிறார்கள்!

கட்டணம் இல்லை என்றது ஆணை, சரி. வண்டி வரவேண்டுமே! நிறுத்தத்தில் நிற்கும் பெண்ணின் முன்னால் சொகுசுப் பேருந்து வருகிறது, விரைவுப் பேருந்து வருகிறது. அவளுக்குரிய வண்டி மட்டும் வரக்காணோம். வாராத வண்டியில் கட்டணம் இல்லாததால் வயிறு நிறையாது. மாநாடு நடத்தும் எல்லாக் கட்சிக்கும் சொல்கிறேன், நம் கட்சிக்கும் சேர்த்தே சொல்கிறேன்: நகரப் பேருந்தை வாடகைக்குப் பிடிக்கும் நாளில், அந்தத் தடத்தில் காத்து நிற்பவள் யார் என்று ஒருகணம் எண்ணிப்பாருங்கள்.

பட்டணத்துக்கு வண்டி புதிதல்ல. 1895-இலேயே மின்சார டிராம் ஓடிய ஊர் இது. 1953-இல் அதை மூடினார்கள். 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார இரயில் வந்தது. 1972-இல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் வந்தது. 1995-இல் பறக்கும் இரயில், 2015-இல் மெட்ரோ. வண்டிகள் வந்தன, ஒன்றோடொன்று பேசத்தான் மறந்தன. பறக்கும் இரயிலின் நிலையங்களைப் பார்த்திருப்பீர்கள். அரண்மனை போன்ற உயரம், மண்டபம் போன்ற அகலம். இறங்கி வந்தால் பேருந்து எங்கே நிற்கிறது என்று தேடவேண்டும். 2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கத்தில் பெரியதொரு பேருந்து முனையம் திறந்தார்கள். அருகிலேயே தண்டவாளம் ஓடியது; திறந்த நாளில் அங்கே இரயில் நிற்க நிலையம் இல்லை! மூட்டையும் குழந்தையுமாக வந்திறங்கிய குடியானவன், கண்ணெதிரே ஓடும் இரயிலைக் கண்டான், ஏற முடியவில்லை. போக்குவரத்தை ஒருங்கிணைக்க 2010-இல் சட்டம் செய்தோம். பேருந்து, இரயில், மெட்ரோ மூன்றுக்கும் ஒரே சீட்டு எடுக்கக் கைப்பேசிச் செயலி வந்தது 2025 செப்டம்பரில். ஒரு சீட்டுக்குப் பதினைந்து ஆண்டு! அந்தச் சீட்டும் கைப்பேசியை இயக்கத் தெரிந்தவனுக்கு.

ஆகவே கிளைத் தோழர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். கொடி கட்டும் வேலை அன்று. சுவரொட்டி ஒட்டும் வேலையும் அன்று. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். திங்கட்கிழமை காலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரை உங்கள் தெரு நிறுத்தத்தில் இருவர் இருவராக நில்லுங்கள். எந்தத் தடத்து வண்டி எத்தனை மணிக்கு வந்தது, நின்றதா, நிற்காமல் போனதா, படிக்கட்டில் எத்தனை பேர், ஏற முடியாமல் நின்றவர்களில் பெண்கள் எத்தனை பேர், கைத்தடியோடு நின்றவர் எத்தனை பேர், எல்லாவற்றையும் எழுதுங்கள். ஓட்டுநரோடும் நடத்துநரோடும் சண்டை வேண்டாம். அவர்களும் நம் தொழிலாளத் தோழர்களே. பத்து மணி நேரம் அந்தப் புழுக்கத்தில் நிற்கிறவரிடம், வண்டி ஏன் குறைந்தது என்று மரியாதையோடு கேளுங்கள்; பணிமனையில் எத்தனை வண்டி ஆளின்றி நிற்கிறது என்பதை அவரே சொல்வார். அதையும் எழுதுங்கள். ஆறு நாள் எழுதி, சனிக்கிழமை மாலை நோட்டைப் பகுதி அலுவலகத்தில் சேருங்கள். பெரும்பாக்கத்துத் தோழர்கள் மட்டும் ஐந்து மணிக்கே நிற்க வேண்டியிருக்கும். அங்கே முதல் வண்டிக்கே கூட்டம் காத்திருக்கிறது.