அட்டைக்கும் முகவரி வேண்டும்

தாராவிக்குப் புதிதாக மாற்றலாகி வந்த தபால்காரர் ஒருவர், கையில் ஒரு கடிதத்தோடு குறுகிய சந்துகளில் நடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடிதத்துக்கு உரியவர் வீட்டில்தான் இருக்கிறார். ஆயினும் முகவரியில் ஓர் எண் பிழைத்தால் கடிதம் திரும்பிப் போய்விடும். குற்றம் வீட்டாருடையதும் அன்று, தபால்காரருடையதும் அன்று, முகவரி எழுதியவருடையது. சிறு கணிப்பொறிகளுக்குள்ளும் இதே நிலைதான்.

யூஎஸ்பி வழியே இணைக்கும் கருவி, தான் இன்னதென்று தானே அறிவித்துக்கொள்ளும். ஆனால், சில்லுக்குள் அமைந்து மெமரி கார்டை ஆளும் கன்ட்ரோலர் அவ்வாறு வாய் திறப்பதில்லை. அது இருக்கும் முகவரி எது, அதற்குரிய கடிகாரத் துடிப்பு எது, மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பவற்றை யாரேனும் எழுதிவைத்தாலன்றி லினக்ஸ் அறியாது. அவ்வாறு எழுதும் ஏட்டுக்கு ‘டிவைஸ் ட்ரீ’, அதாவது கருவி மரம், என்று பெயர். இதன் வேர், 1994-ஆம் ஆண்டு வகுக்கப்பெற்ற ஓப்பன் ஃபர்ம்வேர் நெறியில் இருக்கிறது. ஆர்ம் இனத்துப் பலகைகளின் விவரங்கள் முன்பு லினக்ஸின் மூலநிரலிலேயே குவிந்து கிடந்தன. 2011-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் அக்குழப்பத்தைக் கண்டித்த பின்னரே, அவை கருவி மரத்துக்கு மாறலாயின.

அம்மரத்தில் கார்டுக்குரிய கிளையை நோக்குவோம். ‘பஸ்-விட்த்’ என்னும் வரி, தரவு செல்லும் கம்பிகள் எத்தனை என்று கூறும். நான்கு என்று எழுத மறந்தால் ஒன்று என்றே கொள்ளப்படும். கார்டு இயங்கும், ஆனால் மெதுவாக. மற்றொரு வரி, கார்டு செருகப்பட்டதை உணர்த்தும் சிறு விசையைப் பற்றியது. செருகும்போது அதன் மின்னழுத்தம் தாழுமா உயருமா என்பதைத் தலைகீழாக எழுதிவிட்டால், உள்ளிருக்கும் கார்டை இல்லையென்றே கணிப்பொறி சாதிக்கும்! மூன்றாவது மின்னழுத்தம். எஸ்டி கார்டு 3.3 வோல்ட்டில் பேசத் தொடங்கி, அதிவேக முறையில் 1.8 வோல்ட்டுக்கு இறங்கும். அவ்வாறு இறங்கும் வசதி பலகையில் இல்லையெனில், அதையும் வெளிப்படையாக எழுதவேண்டும்.

இது பொறியாளர்களின் நுணுக்கம், நமக்கென்ன என்று எண்ணலாகாது. கார்டிலிருந்தே உயிர்பெறும் பலகையொன்று விழிக்கவில்லையென்றால், முதலில் கார்டை மாற்றுகிறோம். அடுத்துச் செருகுமிடத்தை மாற்றுகிறோம். இறுதியில் பலகையையே எறிந்துவிடுகிறோம். அது பழம்பொருள் பிரிக்கும் தாராவிப் பட்டறை ஒன்றை அடைந்தால், செம்பு மீளும், கணிப்பொறி மீளாது. ஒரு சொல் பிழைத்ததற்காக நல்ல பலகை மாள்வது என்ன நியாயம்?

ஆதலால், மாதுங்காக் கல்லூரிகளில் பயிலும் இளைஞர்களுக்கும் செம்பூரில் பழுதுபார்க்கும் கடை நடத்துவோர்க்கும் ஒரு வேண்டுகோள். எறியுமுன், கணிப்பொறி விழிக்கும்போது எழுதும் செய்திகளைப் படியுங்கள். கருவி மரத்தை டிடிசி என்னும் கருவியால் மீண்டும் எழுத்தாக்கி, மின்சுற்றுப் படத்தோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். பலகையில் நான்கு கம்பி இருக்க, வேகத்தை விரும்பி எட்டு என்று எழுதுவதால் பயனில்லை. உள்ளதை உள்ளவாறு எழுதுவதே இவ்வேட்டின் ஒரே இலக்கணம். முகவரி சரியானால் கடிதம் தானே வீடு சேரும்.